ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு நம்பர்

லண்டனுக்குப் போகிறவர்கள் ராணியின் அரண்மனையைப் பார்ப்பார்கள், மெழுகு பொம்மைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் போனது ஒரு காரின் பழைய காகிதத்தைத் தேடி. ஐம்பது வயதில், ஆங்கிலத்தைப் பாதி ஊகித்துப் பாதி விழுங்குகிற கோயமுத்தூர் மெக்கானிக் ஒருவன், கைப்பையில் ஒரு பென்சில் தேய்ப்புத் தாளோடு லண்டனில் பத்து நாள் அலைந்தான் என்றால் நம்புவீர்களா? எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை.

கார் எங்கள் ஊர் மில் முதலாளியுடையது. எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். இப்போது பையன்கள் மசில் கார் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொல்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் 'எட்டு சிலிண்டர்'. முதலாளி மூன்று வருஷம் லண்டனில் இருந்துவிட்டு எழுபதில் திரும்பியபோது கூடவே கப்பலில் வந்தது. லண்டன் டீலர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிக் கொடுத்திருந்தார். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும்.

முதலாளி காலமான பிறகு கார் ஷெட்டில் கிடந்தது. அவர் மனைவி, நாங்கள் மில் அம்மா என்போம், அதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். பதிவைப் புதுப்பிக்கப் போனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லி, படுத்துப் புரண்டு பார்த்துவிட்டு, எஞ்சினில் இருக்கிற நம்பர் வேறு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பர் வேறு என்றார். எந்தக் காரிலிருந்து உருவிய எஞ்சின் என்று கேட்டார். விற்ற டீலரின் அத்தாட்சி வரும்வரை கார் நகரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். டீலருக்குப் போட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

"பழனிச்சாமி, அந்தக் காருக்குப் பிரசவம் பார்த்தவன் நீ. நீயே ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துருப்பா" என்றார் மில் அம்மா. ஒரு எட்டு! பக்கத்துத் தெரு மாவு மில்லுக்குப் போய் வருவது மாதிரி.

எனக்கு அந்த நம்பர் புதுச் செய்தி இல்லை. அது பொருந்தவில்லை என்று பதினேழு வருஷமாகத் தெரியும். அதற்குக் காரணம் தேவராசா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனே நான்தான்.

தேவா யாழ்ப்பாணத்துக்காரன். கோயமுத்தூர் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்க வந்து, படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல் என்னோடு கூட்டுச் சேர்ந்து ஒர்க்‌ஷாப் போட்டவன். அவன் காது வைத்துக் கேட்டால் எஞ்சின் பொய் சொல்லாது. எழுபத்தாறில் எட்டு சிலிண்டர் பெரிய வேலைக்கு வந்தபோது நான் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், ஆல்டர்னேட்டர் கழற்றிய இடத்தில் எஞ்சின் பிளாக்கில் அடித்த நம்பர் பளிச்சென்று தெரிகிறது, ஆர்.சி. புத்தகத்து நம்பர் இல்லை அது. ஒரு மாதமாகக் கார் அவன் கையில். எஞ்சினை மாற்றி விற்றுவிட்டான் என்று முடிவு கட்டினேன். பத்துப் பேர் நடுவில் திருடன் என்றேன். கோபம் அடங்காமல் யாழ்ப்பாணத்தில் இருந்த அவன் அப்பாவுக்கும் ஒரு கடிதம் போட்டேன். தேவா சண்டை போடவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், நான் பதில் சொன்னேன். மண்ணெண்ணெயில் கையைக் கழுவிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

அவன் யாழ்ப்பாணம் திரும்பி, பிறகு அகதியாக லண்டனுக்குப் போய், மிச்சம் என்கிற பேட்டையில் குடியிருக்கிறான் என்று பாலிடெக்னிக் நண்பர் ஒருவர் விலாசம் எழுதிக் கொடுத்தார். "பார்க்கமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மில் அம்மாவுக்கு அது நல்ல எஞ்சின் என்று ஒரு காகிதம் வேண்டும். எனக்கு அது திருட்டு எஞ்சின் என்று ஒரு காகிதம் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்பது விமானம் மேலே கிளம்பின பிறகுதான் உறைத்தது.

தங்கினது ஹரோவில், டாக்டராக இருக்கும் என் அக்கா மகன் செந்தில் வீட்டில். ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை மாதிரி எல்லா வீடும் இன்னொரு வீட்டோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் காலை செந்தில் தோசை சுட்டான். பாக்கெட் அரிசி மாவில் சுட்ட தோசை, சுவரொட்டி ஒட்டலாம். "எப்படிங் மாமா?" என்றான். "நீ ஆஸ்பத்திரி வேலையை விட்டுராதே" என்றேன்.

டீலர் இருந்த இடம் தென் லண்டனில் ஒரு பெரிய சாலை ஓரம். மில் அம்மா கொடுத்த பழைய போட்டோவில் கண்ணாடிச் சுவருக்குள் வரிசையாகக் கார்கள் நிற்கும். நான் போனபோது அதே கண்ணாடிக்குள் கார்ப்பெட் சுருள்கள் நின்றன. கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "கார்ப்பெட் வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றார். மறுநாளும் போனேன். நூலகத்தில் பழைய டைரக்டரிகளைப் புரட்டினேன். கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று என்பது மட்டும் தெரிந்தது. நம் ஊரில் ஒரு கடை மூடினால் எதிர் டீக்கடையில் அதன் ஜாதகமே கிடைக்கும். இந்த ஊரில் யாரிடம் கேட்பது?

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. எதிரே டீக்கடை இருந்தது! சைப்ரஸ்காரர் ஒருவர் நடத்துகிற காபிக் கடை. முட்டை, பொரித்த உருளைக்கிழங்கு, தக்காளி ரசத்தில் போட்ட இனிப்பு பீன்ஸ். அந்த பீன்ஸை ஒரு வாய் வைத்துவிட்டு ஓரமாக ஒதுக்கினேன். டீ மட்டும் நன்றாக இருந்தது, குவளையில் கால் லிட்டர். கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். "அட, இவர்கள் எல்லாம் இங்கேதானே சாப்பிட்டார்கள்! காகிதமா? ஆர்தரைப் போய்ப் பாருங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர் அவரிடம்தான் இருந்தது. இப்பவும் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புகிறார்" என்று வால்தம்ஸ்டோ விலாசத்தை எடுத்துக் கொடுத்தார். உலகத்தில் எந்த ஊரானாலும் டீக்கடை டீக்கடைதான்.

அந்தச் சந்தோஷத்தில் வீடு திரும்புகையில் வண்டியின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஏறிவிட்டேன். அது வேக ரயில். நான் இறங்க வேண்டிய நார்த் ஹரோ ஸ்டேஷனை ஜன்னலில் காட்டிவிட்டு நிற்காமல் போயிற்று. பதறி எழுந்து கத்தினேன். பெட்டியில் இருந்தவர்கள் ஒருத்தரும் நிமிரவில்லை. கோயமுத்தூர் டவுன் பஸ்ஸாக இருந்தால் பத்துப் பேர் விசில் அடித்திருப்பார்கள். ஒரு பெரியம்மா மட்டும் பத்திரிகைக்கு மேலாகப் பார்த்து, "பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும்" என்றார்.

ஆர்தரைச் சனிக்கிழமை காலை பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, வீட்டுக்குள்ளேயே டை கட்டியிருந்தார். கம்பெனியை மூடின அன்று ஜாப் கார்டுகளை எல்லாம் குப்பை லாரியில் அள்ளிப் போட்டார்களாம். இவர் கூடவே நின்று திரும்ப அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தோட்டத்துக் கொட்டகையில், மண்வெட்டிக்கும் பூந்தொட்டிக்கும் நடுவே, பிஸ்கட் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கை ஒடிய வேலை செய்திருக்கிறாரே" என்றார்.

"சேஸிஸ் நம்பர் இருக்கிறதா?" என்று கேட்டார். பென்சில் தேய்ப்பை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். காரைப் பதியும்போது சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் ஏறும். கையால் எழுதினது பொய் சொல்லலாம், தேய்ப்பு சொல்லாது. ஆர்தர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு எளிதான விஷயம் எங்களுக்குத் தோன்றவில்லையே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எஞ்சின் நம்பருக்கும் இப்படித் தேய்ப்பீர்களா?"

இல்லை என்றேன். அது ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், விரல் நுழையாத இடத்தில் இருக்கும். அதை மெக்கானிக் பார்த்துச் சொல்வான், இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்வார். சொல்லி முடித்ததும் என்னவோ உறுத்தியது. அப்போது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

நாலாவது டப்பாவில் கார்டு கிடைத்தது. எண்ணெய்க் கறை படிந்த மஞ்சள் அட்டை. ஆர்தர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கப்பலுக்கு அனுப்பும் முன் ஓட்டிப் பார்த்ததில் எஞ்சினில் தட்டுகிற சத்தம். பிளாக் மாற்றப்பட்டது. கழற்றிய எஞ்சின் நம்பர் இது, பூட்டிய எஞ்சின் நம்பர் இது. கழற்றியது, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பர். பூட்டியது, இன்றைக்குக் காரில் இருக்கிற நம்பர்.

"பில்லை முன்னாடியே டைப் அடித்திருப்பார்கள். திருத்த மறந்திருப்பார்கள்" என்றார் ஆர்தர். "ஆனால் உங்கள் இன்ஸ்பெக்டர் எஞ்சினைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே?"

அட பாவி! எழுபதாம் வருஷம் சித்திரை வெயில். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம். கார் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், முதலாளி பக்கத்தில் நிற்கிறாரே என்று. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, "எஞ்சின் நம்பர் சொல்லப்பா" என்கிறார். ஆல்டர்னேட்டரைக் கழற்ற அரை மணி ஆகும். கையில் டீலர் பில் இருந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டு, பில்லை ஒளித்துப் பார்த்துப் படித்தேன். எல்லோரும் செய்கிற வேலைதான். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சிரிப்பான்.

எழுபத்தாறில் தேவா என்னைக் கேட்ட ஒரே கேள்வி: "பதியேக்க நம்பரை நீ உன்ர கண்ணால பாத்தனியோ?" நான் சொன்ன பதில்: "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்." பத்துப் பேர் நடுவில் வேறென்ன சொல்வேன்? சொல்லிச் சொல்லி, பார்த்ததாகவே நானும் நம்பிவிட்டேன். பதினேழு வருஷம்.

வெட்கமாக இருந்தது. அந்தக் கொட்டகையில் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆர்தர் எனக்கு மயக்கம் என்று நினைத்து, சர்க்கரை அள்ளிப் போட்டு டீ கொண்டுவந்தார். கார்டையே கையில் கொடுத்தார். "எனக்குப் பிறகு இது குப்பைக்குத்தான் போகும்" என்று சொல்லி, அது உண்மையான கார்டு என்று ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மில் அம்மாவின் வேலை முடிந்தது. அன்றைக்கே மூட்டை கட்டியிருக்கலாம்.

செந்திலிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன், "போய்ப் பாக்கோணும்ங் மாமா. காகிதத்தைத் தபால்ல போட்டுட்டுத் தப்பிச்சுக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றான். நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டிங் வரை ரயில், அங்கிருந்து பஸ். சிவப்பாக ஒன்று வந்து நின்றது, ஏறினேன். மனசு எங்கோ இருந்தால் கண் என்ன செய்யும்? மிச்சத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கிராய்டனில் இறக்கிவிட்டது. திரும்ப வந்து, தூறலில் நனைந்து, தெருவைக் கண்டுபிடிக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

வீட்டு வாசலில் ஒரு பழைய காரின் பானெட் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போல, வாட்டசாட்டமான ஒரு கறுப்பர் குனிந்து எஞ்சின் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதினான். எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினான். அதற்கப்புறம்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். தலை நரைத்திருந்தது. ஆனால் ஸ்பேனரை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிற அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்தான். "பழனியோ?"

"ஆமா."

"எப்ப வந்தனி?"

"ஒம்பது நாளாச்சு."

"ஒன்பது நாளாய் லண்டனில நிண்டுகொண்டு இண்டைக்குத்தான் வாறாய்."

"இன்னிக்குத்தான் வர்றதுக்கு யோக்கியதை வந்துச்சு" என்று கார்டை நீட்டினேன். பழந்துணியில் கையைத் துடைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினான். குடைக்குக் கீழே நின்று இரண்டு தடவை படித்தான்.

"உள்ளுக்கு வா, நனையிறாய்" என்றான்.

அவன் மனைவி துண்டு கொடுத்தார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். இருந்தாலும், "இருங்கோ அண்ணை, சாப்பிடலாம்" என்றார். இடியப்பம், சொதி, ஒரு மீன் குழம்பு. ஒன்பது நாளில் முதல் முறையாக நாக்குக்கு உயிர் வந்தது. ஆனாலும் பாதியில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த அம்மாவின் முன்னாலேயே சொன்னேன்.

"தேவா, நான் அன்னைக்கு நம்பரைப் பார்க்கவே இல்ல. பில்லைப் பார்த்துப் படிச்சேன். நீ கேட்டப்போ பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"ஆல்டர்னேட்டர் போல்ட்டை இறுக்கிப்போட்டு டீலர் மஞ்சள் பெயின்ற்றாலை ஒரு கோடு போட்டிருந்தவன். நான் கழட்டேக்கதான் அந்தக் கோடு உடைஞ்சது. எனக்கு முன்னம் ஒருத்தரும் அதைக் கழட்டேல்லை. கழட்டாமல் நம்பரைப் பாக்க ஏலாது."

"அதை எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமேடா!"

"அதைத்தானே கேட்டனான். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். நீ ரெண்டு கண்ணையும் சாட்சிக்குக் கூப்பிட்டாய்." கார்டை மேசையில் வைத்தான். "நீ என்னைக் கள்ளன் எண்டதை நான் விட்டிட்டன் மச்சான். ஐயாவுக்கு எழுதினாய் பார், அதுதான். சாகிற வரைக்கும் அவர் என்னோட முகம் பாத்துக் கதைக்கேல்லை. உன்ர கடிதம் அவரின்ர மேசை லாச்சிக்குள்ள மடிச்சபடி கிடந்தது. அவர் செத்த அண்டுதான் கண்டனான்."

நான் அழுதேன். ஐம்பது வயது ஆள், அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை, ஏதேதோ உளறினேன். தேவா சமாதானமும் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. அந்த அம்மாதான் தண்ணீர் வைத்தார். "இவர் எங்கட அண்ணன்ர காரைக்கூட நம்பர் வாசிச்சுக் கையெழுத்து வைச்சால்தான் தொடுவார். ஊரெல்லாம் பகிடி பண்ணும். இண்டைக்குத்தான் எனக்கே விளங்குது" என்றார்.

கார்டை அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மில் அம்மாவுக்கு ஆர்தர் கடிதம் ஒன்று போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"எனக்கு என்னத்துக்கு? ஐயா இருந்தால் அவருக்குக் காட்டியிருப்பன். நீ கொண்டுபோ. என்ர பேர் கெட்டது இஞ்சை இல்லை, அங்கைதான். அந்தப் பத்துப் பேருக்கும் காட்டு. நீ என்ன செய்தனி எண்டதையும் சேத்துச் சொல்லு."

அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் இன்னும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலுள்ள டீக்கடைக்கு ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். சொல்கிறேன் என்றேன். சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. அதனாலேயே சொல்லித்தான் ஆக வேண்டும்.

பஸ் நிறுத்தம் வரை குடையோடு வந்தான். வரும்போது கிராய்டன் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னேன். சிரிக்கமாட்டான் என்று நினைத்தேன். மூக்கு விடைக்க, அந்தப் பழைய சிரிப்பு ஒன்று வந்து உடனே நின்றது. தூரத்தில் சிவப்பாக பஸ் தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். அவன் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"கிட்ட வரட்டும். நம்பரை வாசி."

மழையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பஸ் நெருங்கி வந்தது. ஒவ்வொரு எண்ணாக, அவனுக்குக் கேட்கும்படி, சத்தமாகப் படித்தேன்.

"ஓம், இதுதான். ஏறு" என்றான் தேவா.